வார்ப்: பாவு நூலுக்கும் கோணிப்போன பலகைக்கும் ஒரே சொல் எப்படி?

சொல்தேடி (கேள்வி)

மரவேலைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ‘வார்ப்’ (warp) என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. பலகை காய்ந்து கோணிப்போவதைச் சொல்கிறது என்பது வரைக்கும் குழப்பமில்லை. அகராதியைத் திறந்தால்தான் தலை சுற்றுகிறது. அதே சொல்லுக்குத் தறியில் பாவு நூல் (நீளவாட்டில் ஓடும் நூல்), கப்பலில் இழுவைக் கயிறு, ஆற்றங்கரையில் வண்டல், மீன் எண்ணும் கணக்கு என்று பொருள் போட்டிருக்கிறார்கள். இத்தனையும் ஒரே வேரா, இல்லை ஒலி ஒன்றாகிப்போன வேறு வேறு சொற்களா?

தமிழ் எழுத்தில் போட்டால் உலோக ‘வார்ப்பு’ போலவே தெரிகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கடைசியாக, கையேட்டில் கப், போ, க்ரூக், ட்விஸ்ட், வைண்ட் என்று இதற்குள்ளேயே பிரிவுகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ‘வளைவு’ என்று போட்டால் ஆசாரி சிரிப்பார். என்ன போடலாம்?

---

வேர்பிடி

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். தமிழ் வார்ப்புக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம்முடையது ‘வார்’ என்ற வினை. தோசை வார்ப்பதும் வெண்கலம் வார்ப்பதும் அதுதான். ஆங்கிலச் சொல்லை ஒழுங்காக ஒலித்தால் ‘வோர்ப்’ என்றுதான் வரும், ‘ஷார்ப்’போடு எதுகை சேராது. டபிள்யூவுக்குப் பின்னால் வந்த அகரம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உதடு குவிந்து ஒகரத்தின் பக்கம் போய்விட்டது. போர், வெதுவெதுப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் நடந்ததும் இதே கதை. பின்னால் ககர ஒலி வந்த இடங்களில் மட்டும் அகரம் தப்பித்தது. மெழுகுக்கான ‘வேக்ஸ்’ அப்படித் தப்பியதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. அத்தனையும் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் ‘வெயோர்பன்’ என்றால் எறிதல், வீசுதல். கோணலுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை. கல்லை எறிந்தாலும் வலையை வீசினாலும் அந்த வினைதான். ஜெர்மனில் இன்றைக்கும் ‘வெர்ஃபன்’ என்றால் எறிதல், டச்சில் ‘வெர்பன்’. ஐஸ்லாந்து மொழியிலும் ஸ்வீடிஷிலும் இதே வினை கோழி முட்டையிடுவதைக் குறிக்கிறது.

ஆங்கிலத்தில் நடந்தது ஒரு விசித்திரமான இடமாற்றம். வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழியின் ‘கஸ்தா’, ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ ஆகி எறிதலின் இடத்தைப் பிடித்தது. பிறகு ‘த்ரோ’ வந்து அதையும் ஓரம்கட்டியது. இந்தத் ‘த்ரோ’வின் பழைய வடிவம் ‘த்ராவன்’. அதற்குப் பொருள் முறுக்குதல், திருப்புதல். ஜெர்மனில் சுழற்றுவதைக் குறிக்கும் ‘ட்ரேயன்’ அதன் உடன்பிறப்பு. ஆக, எறிதல் என்று பொருள்பட்ட சொல் முறுக்கல் பக்கம் வந்தது, முறுக்கல் என்று பொருள்பட்ட சொல் எறிதல் பக்கம் போனது. ‘த்ரோ’வின் பழைய பொருள் இரண்டு தொழில்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பட்டு இழைகளை முறுக்கி நூலாக்குவதை ஆங்கிலத்தில் பட்டை ‘த்ரோ’ செய்வது என்பார்கள். குயவர் சக்கரத்தில் பானை வனைவதும் ‘த்ரோ’தான். அங்கே யாரும் எதையும் தூக்கி எறிவதில்லை.

எறிதல் எப்படிக் கோணல் ஆயிற்று என்பதற்கு ஜெர்மனைப் பார்த்தால் போதும். பலகை கோணினால் ஜெர்மன் தச்சர் சொல்வது, ‘மரம் தன்னை எறிந்துகொள்கிறது’ என்று. யாரும் தொடாமல் வைத்த பலகை தானாகவே நேர்கோட்டை விட்டுத் தன்னை வீசிக்கொள்கிறது என்ற பார்வை. ஆங்கிலத்தில் ‘உருக்கோணச் செய்தல்’ என்ற பொருள் 1400ஐ ஒட்டி எழுத்தில் தெரிகிறது. ‘காஸ்ட்’டுக்கும் தச்சர் வழக்கில் பலகை கோணுதல் என்ற பொருள் உண்டு. எறிதலுக்கு வைத்த சொல் மரத்தில் கோணலாவது இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்திருக்கிறது. இன்னும் ஆழத்தில், திரும்புதல் என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரோடு இதை இணைத்து, எறியும்போது கை சுழல்வதைக் காரணம் காட்டும் அகராதிகள் உண்டு. அதை ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தறிக்கு வருவோம். பாவு நூல் என்ற பெயர்ச்சொல் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. கோணல் பொருளை விடப் பல நூற்றாண்டு மூத்தது. எதன் குறுக்கே ஊடை (குறுக்கு நூல்) எறியப்படுகிறதோ அதுவே பாவு என்பது அகராதிகள் தரும் வழக்கமான விளக்கம். எனவே மரத்தின் கோணலிலிருந்து நெசவுச் சொல் வந்தது என்று யாராவது எழுதியிருந்தால் தலைகீழ். ஊடைக்கான ‘வூஃப்’பில் உள்ள டபிள்யூகூட அசலில் இல்லை. அது ‘ஊஃப்’ ஆகத்தான் இருந்தது. பக்கத்திலேயே வார்ப், வெஃப்ட் (இதுவும் ஊடைதான்) என்று நின்றதால் அதற்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழ் நெசவாளர் பார்வை வேறு. பாவுதல் என்றால் பரப்புதல். தெருவில் நீளவாட்டில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று சொல்ல வேண்டாம்.

இன்னொரு மிச்சம், பெருச்சாளி போல மண்ணைத் தோண்டித் தள்ளும் ‘மோல்’ என்ற பிராணி. அதன் இடைக்கால ஆங்கிலப் பெயர் ‘மோல்ட்வார்ப்’, மண்ணெறியான் என்று வைத்துக்கொள்ளலாம். வட இங்கிலாந்து வட்டாரப் பேச்சில் ‘மோல்டிவார்ப்’ என்று நீண்ட நாள் ஓடியது. ஜெர்மனில் அது ‘மவுல்வுர்ஃப்’ ஆயிற்று. முதல் பாதிக்கு அர்த்தம் மறந்துபோனதால் ‘மவுல்’, அதாவது விலங்கின் வாய், என்று மக்களே திருத்திக்கொண்டார்கள். வாயால் மண்ணைத் தள்ளும் பிராணி என்று நினைத்துக்கொள்ள வசதியாகவும் இருந்தது.

---

நங்கூரம்

கடல் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

‘வார்ப்’ என்பது கப்பலை நகர்த்தப் பயன்படும் கயிறு; வினையாக வந்தால் அந்தக் கயிற்றைப் பிடித்துக் கப்பலை இழுத்து நகர்த்துவது. காற்றில்லாத நேரத்தில் பாய்மரக் கப்பலைக் குறுகிய துறைமுகத்துக்குள் கொண்டுவர இதுதான் வழி. கரையில் உள்ள கட்டுத்தறியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டுவார்கள். மறுமுனையைக் கப்பலில் உள்ள கேப்ஸ்டன் என்ற செங்குத்து உருளையில் சுற்றி, ஆட்கள் சுற்றிச் சுற்றி நடந்து தள்ள, கப்பல் அங்குலம் அங்குலமாகக் கட்டுத்தறியை நோக்கிப் போகும். கரை தூரமென்றால் சிறு நங்கூரத்தைப் படகில் ஏற்றி முன்னே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அதை நோக்கி இழுப்பார்கள். ஒன்றை இழுக்கும்போதே இன்னொன்றைப் படகு முன்னே கொண்டுபோகும். 1812 ஜூலையில் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ போர்க்கப்பல் நியூஜெர்சிக் கரையோரம் காற்று நின்றுபோன நிலையில், துரத்திய பிரிட்டிஷ் கப்பல் கூட்டத்திடமிருந்து தப்பியது இப்படித்தான். இன்றைய கப்பல்களில் வின்ச்சின் பக்கவாட்டில் கயிறு சுற்றும் உருளைக்கு ‘வார்ப்பிங் டிரம்’ என்றே பெயர். டிராலர் வலையை இழுக்கும் எஃகுக் கம்பிவடத்துக்கும் ஆங்கிலத்தில் ‘வார்ப்’தான்.

வண்டல்: கிழக்கு இங்கிலாந்தில் ஹம்பர் கழிமுகத்தையும் அதில் சேரும் ட்ரெண்ட், ஊஸ் ஆறுகளையும் ஒட்டிய பள்ள நிலங்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே நிலத்தைச் சுற்றிக் கரை கட்டி, மதகு வைத்து, ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) ஏறும்போது சேற்று நீரை உள்ளே விடுவார்கள். நீர் அசையாமல் நிற்கும்போது வண்டல் அடியில் படியும், ஓதம் இறங்கும்போது தெளிந்த நீரை வெளியே விடுவார்கள். ஓதத்துக்கு ஓதம் இப்படியே செய்தால் ஓரிரு ஆண்டில் சதுப்பு உழுநிலமாகும். நீர் எறிந்துவிட்டுப் போன மண் என்பதால் அந்த வண்டலுக்கு ‘வார்ப்’. கீட்பி, ஸ்வைன்ஃப்ளீட் ஊர்ப் பக்கம் ‘வார்ப்பிங் டிரெய்ன்’ (drain, வடிகால்) என்று பெயர் தாங்கிய வாய்க்கால்கள் இன்றும் உண்டு. எழுதும்போது கவனம், இங்கே ‘நிலம் கோணியது’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

மீன்: ஒரு கைக்கு இரண்டாக இரு கையிலும் அள்ளிப் போடும் நான்கு மீன்கள் ஒரு வார்ப். இங்கிலாந்தின் யார்மத் துறைமுகத்து ஹெர்ரிங் மீன் கணக்கில் 33 வார்ப் சேர்ந்தால் ஒரு ‘நெடுநூறு’, அதாவது 132 மீன். அப்படி நூறு நெடுநூறு ஒரு ‘லாஸ்ட்’, 13,200 மீன். பெயருக்குப் பத்தாயிரம், கைக்கு 13,200.

---

இழைப்புளி

மேலே சொன்ன ‘தன்னை எறிந்துகொள்கிறது’ என்பது மரத்துக்கு மிகச் சரியான வர்ணனை. வார்ப்புக்கு (உங்கள் வார்ப்புக்கு, பட்டறை வார்ப்புக்கு அல்ல) வெளியிலிருந்து சுமை தேவையே இல்லை. பலகைக்குள்ளேயே ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் சுருங்குவதுதான் காரணம். கையேட்டை மொழிபெயர்க்க இந்த அடிப்படை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மரத்தில் மூன்று திசைகளில் மூன்று அளவு சுருக்கம். நீளவாட்டில் 0.1 முதல் 0.2 சதவீதம், கணக்கில் சேர்க்க வேண்டாம். நடுவிலிருந்து பட்டை நோக்கிய ஆரத்திசையில் ஓரளவு. ஆண்டு வளையத்தைத் தழுவிய திசையில் ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு. தேக்கு பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்வரை ஆரத்திசையில் சுமார் 2.5 சதவீதமும் வளையத்திசையில் சுமார் 5.8 சதவீதமும் சுருங்கும். மர ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கமே தொடங்கும். அதற்கு மேல் போகும் நீர் எடையைக் குறைக்குமே தவிர அளவை மாற்றாது.

ஒரு கணக்கு: 300 மி.மீ. அகலத் தேக்குப் பலகை 18 சதவீத ஈரத்திலிருந்து 12க்கு வருகிறது. ஆறு புள்ளி, அதாவது முப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. வளையத்திசை அறுப்பாக இருந்தால் 5.8இல் ஐந்தில் ஒன்று, 1.16 சதவீதம், கிட்டத்தட்ட 3.5 மி.மீ. குறையும். ஆரத்திசை அறுப்பாக இருந்தால் 1.5 மி.மீ.தான். வயிரம் பாய்ந்த தேக்குக்கே இவ்வளவு.

ஈரம் எங்கிருந்து மாறுகிறது என்றால், காற்றிலிருந்து. 25 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் மரம் சுமார் 16 சதவீதத்தில் நிலைகொள்ளும், 50 சதவீதமாக இருந்தால் சுமார் 9இல். ஐப்பசி மழையில் பட்டறையில் கிடந்த பலகையை ஏசி அறையில் அலமாரியாக மாட்டினால் ஏழு புள்ளி இறங்கப்போகிறது என்று அர்த்தம். பூட்டு விழாமல் போவதற்கு ஆசாரியைத் திட்டிப் பயனில்லை.

உங்கள் பட்டியல்:

கப் என்பது அகலவாட்டில் குழிவது. பலகையின் முனையில் வளையங்களைப் பாருங்கள். பட்டைப் பக்கத்து முகத்தில் வளையங்கள் முகத்தோடு படுத்திருக்கும், அதனால் அந்த முகம் அதிகம் சுருங்கும், அது குழியும். வளையங்கள் தங்களை நேராக்கிக்கொள்ளப் பார்க்கின்றன என்று நினைவு வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் குழியும் என்று அறுக்கும் முன்பே சொல்லிவிடலாம்.

போ என்பது பலகையைப் படுக்கவைத்தால் நீளவாட்டில் வில்லாக வளைந்திருப்பது. க்ரூக் என்பது அகல முகம் சமமாகத்தான் இருக்கும், விளிம்பு மட்டும் பக்கவாட்டில் வளைந்திருக்கும். பிரிட்டிஷ் கையேடாக இருந்தால் ‘ஸ்பிரிங்’ என்று எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம், சாய்ந்து வளர்ந்த மரம் அல்லது நடுக்குருத்தை ஒட்டிய இளமரம். அந்தப் பகுதிகள் நீளவாட்டில் 2 சதவீதம் வரைகூடச் சுருங்கும். பலகையின் ஒரு விளிம்பில் அது இருந்து மறுவிளிம்பில் இல்லையென்றால் வளையாமல் என்ன செய்யும்?

ட்விஸ்ட் என்பது நான்கு மூலைகளில் மூன்று தரையில் உட்கார, ஒன்று தூக்கிக்கொள்வது. ரேகை மரத்தைச் சுற்றிச் சுருளாக ஓடினால் இது வரும். ‘வைண்ட்’ (wind) என்று உங்கள் கையேட்டில் வருவதும் இதுதான். காற்றுக்கான சொல்லாகப் படித்துவிடாதீர்கள், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் ‘வைண்ட்’. முறுக்கைக் கண்டுபிடிக்க இரண்டு ‘வைண்டிங்’ குச்சிகள் வைப்பார்கள். நேராக இழைத்த, சம அகலமுள்ள இரண்டு ரீப்பர்கள் (மெல்லிய மரச்சட்டங்கள்) போதும். ஒன்றைப் பலகையின் இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் குறுக்கே வைத்து, கண்ணைத் தாழ்த்தி இரண்டின் மேல்விளிம்பையும் சேர்த்துப் பாருங்கள். விளிம்புகள் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு. பலகை 150 மி.மீ. அகலமும் குச்சி 450 மி.மீ. நீளமும் என்றால் குறை மூன்று மடங்காகக் கண்ணில் படும். இழைக்கும்போது எதிரெதிராக உயர்ந்து நிற்கும் இரண்டு மூலைகளை மட்டும் முதலில் எடுக்க வேண்டும். முழுப் பலகையிலும் இழைப்புளியை ஓட்டினால் முறுக்கு அப்படியே இருக்க, பலகைதான் மெலியும்.

சரிசெய்வதில் எல்லோரும் தவறவிடுவது, வெட்டிவிட்டு இழைக்க வேண்டும் என்பது. வளைவின் ஆழம் நீளத்தின் வர்க்கத்தோடு போகும். 2.4 மீட்டர் பலகையில் 20 மி.மீ. வில் என்றால், அதைப் பாதியாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் 5 மி.மீ.தான். கப்புக்கும் அதே கணக்கு, அகலத்தில். முழு நீளத்தில் இழைத்து நேராக்கப் பார்ப்பவர் 20 மி.மீ. மரத்தைத் தூளாக்குகிறார். குழிந்த பக்கத்தை நனைத்து வெயிலில் கவிழ்த்துப் போடுவது வேலை செய்யும், சில நாளைக்கு. ஈரம் சமமானதும் பழைய இடத்துக்கே வரும்.

வராமல் தடுப்பதற்கு: அறுத்த பலகைகளை அடுக்கும்போது இடையில் 25 மி.மீ. ரீப்பர், 400 முதல் 600 மி.மீ. இடைவெளியில். மேல் அடுக்கு ரீப்பர் கீழ் அடுக்கு ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் நாமே பலகையை வில்லாக்குகிறோம். உச்சியில் பாரம். ஃப்ளஷ் கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால் ஒட்டாத பக்கம் ஈரத்தை ஏற்றி இறக்க, கதவு கோணும். மறுபக்கம் மலிவான பேலன்சிங் ஷீட்டாவது ஒட்ட வேண்டும். பிளைவுட்டில் அடுக்குகள் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வருவதும் இதற்குத்தான், நடு அடுக்குக்கு இருபுறமும் இழுப்பு சமமாக இருக்க.

---

சொல்தேடி

வேர்பிடி, நங்கூரம், இழைப்புளி மூவருக்கும் நன்றி. வைண்டைக் ‘காற்று’ என்று போடுவதற்கு இருந்தேன். கையேட்டின் பின்பகுதியில் பக்கிள், சேக், டிஸ்டார்ட், டிஃபார்ம் எல்லாம் வருகின்றன. இவற்றையும் பிரித்துக் காட்ட முடியுமா?

---

கலைச்சொல்

என் பரிந்துரை, பொதுச்சொல்லாகக் ‘கோணல்’, வினையாகக் ‘கோணுதல்’. ‘பலகை கோணிக்கிச்சு’ என்பது பேச்சிலேயே இருக்கிறது, புதிதாக எதையும் செய்ய வேண்டாம். அதற்குள் கப்புக்குக் குழிவு, போவுக்கு வில்வளைவு, க்ரூக்குக்குப் பக்கவளைவு, ட்விஸ்டுக்கும் வைண்டுக்கும் முறுக்கு. முதல் முறை வரும்போது படத்தோடு கொடுத்துவிடுங்கள்.

பக்கிள் வேறு சாதி. நீளவாட்டில் நெரிக்கும்போது ஒரு அளவு வரை நேராக நின்றுவிட்டுச் சட்டென்று பக்கவாட்டில் பிதுங்குவது. சொல் பிறந்த இடம் லத்தீனில் கன்னம்! ‘புக்கா’ என்றால் கன்னம். ‘புக்குலா’ தலைக்கவசத்தின் கன்னப் பட்டை. அது பிரெஞ்சில் ‘பூக்ல்’ ஆகிக் கேடயத்தின் நடுக் குமிழையும் குறித்தது. பெல்ட் பக்கிளும் உப்பிப் பிதுங்கும் வினையும் அங்கிருந்தே வருகின்றன. 1744இல் லியோன்ஹார்ட் ஆய்லர் இதற்குக் கணக்கு போட்டார். தூணின் நீளத்தை இரட்டித்தால் அது தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகும். கோடையில் தண்டவாளம் நெளிவது இந்த வகை. எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 30 டிகிரி ஏறினால் தடையில்லாத ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய 36 செ.மீ. நீண்டிருக்கும். இரு முனையும் கட்டுண்டு கிடக்கையில் அந்த நீளம் எங்கே போகும்? ‘பிதுங்கி நெளிதல்’ என்று எழுதுங்கள்.

சேக், தொய்வு. தன் எடையாலோ மேலே வைத்த பாரத்தாலோ நடு இறங்குவது. புத்தக அலமாரித் தட்டில் முட்டு இடைவெளியை இரட்டித்து, அதே அடர்த்தியில் புத்தகம் அடுக்கினால் தொய்வு 16 மடங்கு. கோணலுக்குச் சுமை வேண்டாம், தொய்வுக்குச் சுமை வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் கையேடு முழுக்க விடாமல் பிடித்தால் போதும்.

டிஸ்டார்ட் லத்தீனின் முறுக்குதலிலிருந்து வந்தது. இதற்குத் ‘திரிபு’ என்று போடக் கை போகும், போடாதீர்கள். நம் இயற்பியல் பாடநூல்களில் திரிபு என்றால் ஸ்ட்ரெயின், தகைவு என்றால் ஸ்ட்ரெஸ். ‘உருக்கோணல்’ பரவாயில்லை. டிஃபார்மை ‘உருமாற்றம்’ என்றால் பூச்சி வளர்வது போல ஆகிவிடும். ‘உருக்குலைவு’ சரி. மீள்கிறதா மீளாததா என்று அடைமொழி சேர்க்கலாம்.

ஆங்கிலத்தில் மனசுக்கும் ‘வார்ப்டு’ சொல்வார்கள். அதற்குத் தமிழ் தயாராகவே இருக்கிறது, வக்கிரம். வடமொழியில் வக்ர என்றால் வளைந்தது. சோதிடத்தில் கிரகம் வக்கிரகதியில் போவதும், ஒருவருடைய வக்கிரபுத்தியும் அதே வளைவுதான். கொஞ்சம் லேசாகச் சொல்ல வேண்டுமானால் கோணல் புத்தி. கையேட்டில் மட்டும் பலகையை வக்கிரப்படுத்திவிடாதீர்கள்.

---

ஸ்பேனர்

உலோகத்துக்கு ஒரு வார்த்தை. பட்டறையில் யாரும் கோணல் என்று சொல்வதில்லை, ‘ஹெட் பெண்டு’ என்பார்கள். என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறிய பிறகு அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கோணும். அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். கீழே இருப்பது இரும்புப் பிளாக், போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. ஹெட்டின் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாட்டில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். வரம்பு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சூட்டோடு ஹெட்டைக் கழற்றக் கூடாது. கழற்றும்போது போல்ட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு, மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு.

பிரேக் டிஸ்க்குக்கும் ‘வார்ப்’ என்று எழுதுவார்கள். பிரேக் பிடித்தால் பெடல் அதிரும். பெரும்பாலும் டிஸ்க் கோணியிருக்காது. பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டி, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்கு மாறியிருக்கும். மொழிபெயர்க்கும்போது ‘டிஸ்க் கோணல்’ என்று உறுதியாக எழுதாமல் ‘தடிமன் வேறுபாடு’ என்று போட்டால் படிப்பவர் தேவையில்லாமல் டிஸ்க் மாற்ற மாட்டார்.

---

வேர்பிடி

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகினாலும், விட்டுப்போன மூன்றைச் சேர்த்துவிடுகிறேன்.

கோணல் எப்போதும் குறையல்ல. ரைட் சகோதரர்கள் விமானத்தைச் சாய்த்துத் திருப்பக் கண்டுபிடித்த வழிக்கு ‘விங் வார்ப்பிங்’ என்று பெயர். சைக்கிள் டியூப் வந்த நீள அட்டைப்பெட்டியை வில்பர் கையில் முறுக்கிப் பார்த்ததில் யோசனை பிறந்தது. 1899இல் பட்டத்தில் சோதித்தார்கள், 1906இல் காப்புரிமை கிடைத்தது. கம்பி இழுத்தால் ஒரு பக்க இறக்கை நுனி ஒருபுறமும் மறுபக்க நுனி எதிர்ப்புறமும் முறுகும். இறக்கைகள் கெட்டியானதும் அந்த இடத்தை ஏலெரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல், எடுத்துக்கொண்டது.

அறிவியல் புனைவின் ‘வார்ப் டிரைவ்’ கோணல் பொருளிலிருந்து வந்தது, கோணுவது வெளி. 1994இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே, முன்னால் வெளி சுருங்கிப் பின்னால் விரியும் ஒரு கணித அமைப்பை எழுதிக் காட்டினார். அதற்கு எதிர்மறை ஆற்றல் தேவைப்படுவதால் கணிதத்தோடு நிற்கிறது.

ஆனால் என்விடியா சிப்பில் வரும் ‘வார்ப்’புக்கும் கோணலுக்கும் தொடர்பில்லை. ஒரே கட்டளையைச் சேர்ந்து இயக்கும் 32 ‘த்ரெட்’ கொண்ட குழு அது. நெசவின் பாவிலிருந்து எடுத்த பெயர் என்று அந்த நிறுவனத்தின் கூடா (CUDA) நிரலாக்க ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். யாராவது அதைத் தமிழாக்கினால் ‘பாவு’ என்றும் ‘இழை’ என்றும் போடலாம். ‘வார்ப் டைவர்ஜென்ஸ்’ வந்தால் ‘பாவு பிரிதல்’. நிரலில் ஒரு நிபந்தனை பாதி இழைகளுக்கு உண்மையாகவும் மீதிக்குப் பொய்யாகவும் ஆனால், இரண்டு கிளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, நேரம் இழுக்கும்.